மலையடிவாரத்து வருவாய்: திருவண்ணாமலையில் அதிகார அடுக்குகளின் வரலாறு

ஒரு வட்டாரத்தில் விளையும் செல்வத்தின் மீது வரி விதிக்கும் உரிமை ஒருவரிடமும், அவ்வரியைத் தண்டும் பொறுப்பு இன்னொருவரிடமும், தண்டிய பொருளைச் செலவிடும் அதிகாரம் மூன்றாமவரிடமும் இருக்கும் நிலை தமிழகத்துக் கோயில் நகரங்களுக்குப் புதியதன்று. ஊர், மாவட்டம், மாநிலம், ஒன்றியம் என அதிகாரம் பல தளங்களில் பகிரப்பட்டு, அத்தளங்கள் தம்முள் இணங்கியும் பிணங்கியும் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நடத்திச் செல்வதைப் பல அடுக்கு ஆளுகை என்று அரசியல் அறிஞர்கள் இன்று குறிப்பிடுகின்றனர். 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தை ஆராய்ந்த கேரி மார்க்ஸ் இக்கருத்தை வகுத்தளித்தார் எனினும், அது விளக்க முற்படும் நடைமுறை திருவண்ணாமலைக் கோயிலின் சுவர்களில் சோழர் காலம் முதலே பதிவாகியுள்ளது. அக்கல்வெட்டுகளையும் அவற்றுக்குப் பின்வந்த வருவாய்த் துறை நடவடிக்கைகளையும் சட்டங்களையும் தொடர்ந்து நோக்கினால், வருவாயும் அதற்குரிய கடமையும் ஒரே தளத்தில் தங்கிய காலங்களில் இந்நகரின் செல்வம் சுற்றியுள்ள நிலத்துக்கே திரும்பியதையும், வருவாய் மேலேறிக் கடமை மட்டும் கீழே விடப்பட்ட காலங்களில் அச்சுழற்சி அறுந்ததையும் தெளிவாகக் காணலாம்.

சோழர் காலக் கல்வெட்டுகள் திருவண்ணாமலையைப் பெண்ணையாற்றின் வடகரையில், வாணகோப்பாடி என்னும் பெரும்பகுதியில், அண்ணாநாட்டில் அமைந்த ஊராகக் குறிப்பிடுகின்றன. ஊரின் இருப்பிடத்தைச் சொல்லும்போதே அதன் மீதுள்ள அதிகாரப் படிநிலைகளையும் வரிசைப்படுத்திச் சொல்லும் வழக்கம் இது. அடித்தளத்தில் உழுகுடிகளின் ஊரும், பிராமணர் குடியிருப்பின் சபையும், வணிகரின் நகரமும் இருந்தன. பல ஊர்கள் சேர்ந்து நாடாகவும், நாடுகள் பல சேர்ந்து முதலாம் இராசராசன் காலம் முதல் வளநாடாகவும், அவற்றுக்கும் மேலே மண்டலமாகவும் அமைந்தன. இவற்றுள் நாடு என்பது அரசு வரைபடத்தில் கோடிட்டுப் பிரித்த பிரிவன்று என்றும், நீர்ப்பாசனத்தாலும் உறவுமுறையாலும் பிணைந்த வேளாண் குடியிருப்புகளின் இயல்பான தொகுதி என்றும் எ. சுப்பராயலு தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். எனவே, 1001ஆம் ஆண்டில் இராசராசன் நிலங்களை அளப்பித்தபோதும், புரவுவரித் திணைக்களம் என்ற வருவாய்த் துறை ஊர்தோறும் வரிக்கணக்கைப் பதிந்தபோதும், வரியைப் பங்கிட்டுத் தண்டும் வேலை ஊராரிடமும் நாட்டாரிடமுமே இருந்தது.

இந்த அமைப்பில் கோயிலுக்கு உரிய இடம் நுட்பமானது. அரசன் ஓர் ஊரைத் தேவதானமாக, இறையிலியாக அளித்தான் என்று கல்வெட்டு கூறும்போது, அவ்வூரின் நிலத்தை உழவரிடமிருந்து பறித்துக் கோயிலுக்குக் கொடுத்தான் என்று பொருளாகாது. அரசுக்கு வரவேண்டிய மேல்வாரம், அதாவது விளைச்சலில் ஆட்சியாளருக்குரிய பங்கு, இனிக் கோயிலுக்குச் சேரும் என்பதே அதன் உள்ளடக்கம். உழவர்க்குரிய குடிவாரம் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது. தற்காலச் சொற்களில் கூறினால், மேலடுக்கு தன் வரி வருவாயில் ஒரு பகுதியை உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்கு நிலையாக ஒதுக்கிவிட்டது. அவ்வொதுக்கீடு கருவூலத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை, விளைந்த இடத்திலேயே தங்கியது என்பது கவனத்துக்குரியது.

தங்கிய வருவாய் உறங்கிக் கிடக்கவுமில்லை. நந்தா விளக்கு ஒன்றை எரிப்பதற்கு 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்படுவது சோழர் காலத் தமிழகம் முழுவதிலும் காணப்படும் வழக்கம். சாவா மூவாப் பேராடுகள் எனப் பெயர் பெற்ற அம்மந்தை மன்றாடிகள் எனப்பட்ட இடையர் குடிகளிடம் ஒப்படைக்கப்பட்டது; அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளந்து கொடுத்துவிட்டு, மந்தையின் பெருக்கத்தைத் தமக்கு வைத்துக்கொண்டனர். கொடையாளரின் பக்தி, இடையரின் தொழில் முதலாக மாறிய இந்த ஏற்பாட்டைப் பக்திக்குரியது என்றோ பொருளியலுக்குரியது என்றோ தனித்துப் பிரிக்க இயலாது. பொற்காசுகளாக வந்த கொடைகளும் இவ்வாறே கடனாகச் சென்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் முதல், ஊர்ச் சபைகளுக்கு ஆண்டுக்கு 12.5 விழுக்காடு வட்டியில் தரப்பட்டதைக் கல்வெட்டுகள் விரிவாகக் கூறுகின்றன. திருப்பதிக் கோயிலின் ஆவணங்களை ஆராய்ந்த பர்ட்டன் ஸ்டெய்ன், விசயநகரக் காலத்தில் பக்தர்கள் அளித்த பணம் கோயில் ஊர்களில் ஏரிகளையும் கால்வாய்களையும் அமைக்கச் செலவிடப்பட்டு, அதனால் பெருகிய விளைச்சலின் ஒரு பங்கு வழிபாட்டுக்குத் திரும்பியதை 1960ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். மழை பொய்த்தால் ஏரி வறளும், திருவண்ணாமலை அடங்கிய நடுநாட்டில், கோயிலே முதலீட்டாளராக இயங்கியதன் மதிப்பை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

ஊருக்கும் அரசனுக்கும் இடைப்பட்ட அடுக்கு இவ்வட்டாரத்தில் வலிமை மிக்கதாக இருந்தது. வாணகோவரையர், மலையமான்கள், காடவராயர் முதலிய தலைவர்கள் பாடிகாவல் என்னும் உரிமையைப் பெற்றிருந்தனர். ஊரைக் காப்பதற்கு ஈடாகத் தண்டப்பட்ட வரி அது. சோழப் பேரரசு 13ஆம் நூற்றாண்டில் தளர்ந்தபோது இத்தலைவர்கள் தனியரசர்களைப் போல நடந்துகொண்டனர்; சேந்தமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகள் திருவண்ணாமலையிலும் உள்ளன. மேலடுக்கு வலுவாக இருந்த காலத்தில், 1070 முதல் 1122 வரை ஆண்ட முதலாம் குலோத்துங்கன் வழிச்சுங்கங்களை நீக்கிச் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். பரந்த பரப்பில் வணிகப் பண்டங்கள் தடையின்றிச் செல்லப் பேரரசு தேவைப்பட்டது. ஏரியின் மதகைப் பழுதுபார்க்க ஊர் தேவைப்பட்டது. இடைநிலைத் தலைவர் இவ்விரண்டுக்கும் துணைநின்றால் நாடு செழித்தது, இரண்டையும் உண்டு கொழுத்தால் நலிந்தது.

தில்லிப் படையெடுப்புகளால் துவாரசமுத்திரம் அழிவுற்ற பின், ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் 1328ஆம் ஆண்டளவில் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான். சில ஆண்டுகளுக்கேனும் இக்கோயில் நகர் ஓர் அரசின் தலைநகராக விளங்கியது. மதுரைச் சுல்தானியத்துடன் நடந்த போரில் 1342ஆம் ஆண்டளவில் அவன் கொல்லப்பட்டதோடு அந்நிலை முடிவுற்றது; வல்லாள கோபுரம் அவன் பெயரால் இன்றும் வழங்குகிறது.

விசயநகர ஆட்சியில் அடுக்குகள் வேறு வடிவம் பெற்றன. பேரரசு இராச்சியங்களாகப் பிரிக்கப்பட்டது. முன்னர்ச் சம்புவராயரின் தலைநகராயிருந்த படைவீடு அவற்றுள் ஒன்றின் தலைமையிடமாயிற்று. நாயக்கத்தனம் எனப்பட்ட ஏற்பாட்டின்படி, படைத்தலைவர்க்கு நிலப்பகுதியின் வருவாய் ஒதுக்கப்பட்டது; அதற்கு ஈடாக அவர் படை பேணவும் பேரரசனுக்குத் தொகை செலுத்தவும் கடமைப்பட்டார். இதன் ஆக்கப் பக்கத்தைத் திருவண்ணாமலையின் இராசகோபுரம் காட்டுகிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடைய அக்கோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்துவைத்தார். பேரரசன் தொடங்கியதை அவனுக்கு அடுத்த அடுக்கினர் நிறைவேற்றிய பணி அது. ஆயிரக்கால் மண்டபமும் அதன் அருகிலுள்ள குளமும் அதே பெருந்திட்டத்தின் பகுதிகளாகும். இத்தகைய நெடுங்காலக் கட்டடப் பணி கல்தச்சர், கொல்லர், சுமைவண்டியோர், நெசவாளர், பூக்காரர் எனப் பல தொழிலினரை ஒரு நகரில் நிலைகொள்ளச் செய்யும் ஆற்றல் உடையது.

அழிவுப் பக்கத்தைத் தென்பெண்ணைக்குத் தெற்கே விருத்தாசலம் தொடங்கிக் காவிரிப் பகுதி வரை கிடைக்கும் 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் பதிந்துள்ளன. அதிகாரிகளும், வருவாய் ஒதுக்கீடு பெற்ற சீவிதக்காரரும், நிலவுடைமையாளரும் தத்தம் பங்குக்கு வரியை ஏற்றியதால் நெருக்குண்ட வலங்கை, இடங்கை என்னும் இரு சாதித் தொகுதிகளின் தலா 98 பிரிவினரும், தம்முள் நெடுநாள் பகை கொண்டிருந்தும் அதை ஒதுக்கிவைத்து ஒன்றுகூடி, இன்ன பயிருக்கு இன்ன வரிதான் கொடுப்போம் என்று தாமே வரையறுத்துக் கல்லில் வெட்டினர். நொபொரு கராஷிமா இக்கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்து, விசயநகர வரிச்சுமையின் தன்மையை வெளிப்படுத்தினார். தமிழக உழைப்பாளர் வரலாற்றில் இதற்கு இணையான ஆவணங்கள் மிகச் சில. பள்ளிப் பாடநூல்களில் போர்களுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியேனும் இவற்றுக்குக் கிடைக்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு, மராத்தியர், மைசூர் அரசு, ஐதராபாத் நிசாம், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் உரிமை கோரிய நிலமாக இப்பகுதி மாறியது. உயர்ந்த மதில்களை உடைய கோயில் கோட்டையாகப் பயன்பட்டது. 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஐதர் அலிக்கும் கர்னல் ஜோசப் ஸ்மித்துக்கும் இடையே போர்கள் நடந்தன. 1801ஆம் ஆண்டில் கர்நாடகப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது, திருவண்ணாமலை தென்னார்க்காடு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதன் வருவாய் இப்போது தாசில்தாரிடமிருந்து கடலூரில் இருந்த கலெக்டருக்கும், அவரிடமிருந்து 1786ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கிய வருவாய் வாரியத்துக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும், இறுதியில் இலண்டனில் பங்குதாரரின் ஈவுத்தொகைக்கும் செல்லும் பாதை திறந்தது. அடுக்குகள் சோழர் காலத்தினும் கூடின என்றாலும், எந்த இடத்திலும் வருவாயைத் தங்கவைக்கும் உரிமை அவற்றுக்கு இல்லை.

கோயிலின் பொருளாதார இயல்பை மாற்றியது இக்காலத்து ஏற்பாடு ஒன்று. கம்பெனி அரசு கோயில்களின் மானிய நிலங்கள் பலவற்றைத் தன் வருவாய்க் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையைப் பணமாகக் கொடுத்தது. தஸ்திக் எனப்பட்ட அத்தொகையின் பெயர் கோயில் கணக்குகளில் இன்றும் வழங்குகிறது. நிலத்தின் மேல்வாரம் விளைச்சலோடும் விலையோடும் சேர்ந்து உயரும். நிலையாக வரையறுத்த பணமோ விலைவாசி ஏற ஏற மதிப்பிழக்கும். அதைவிடப் பெரிய விளைவு வேறொன்றும் உண்டு. மேல்வாரத்தைப் பெறும் கோயிலுக்கு ஏரி நிறைந்திருப்பதில் நேரடி அக்கறை உண்டு. தஸ்திக் பெறும் கோயிலுக்கு அந்த அக்கறை தேவையற்றதாகிறது. நிலத்தில் முதலிட்டு வந்த நிறுவனம் அரசின் படிப்பணம் பெறும் நிறுவனமாக மாறியது. ஏரியைப் பேணும் கடமை குடிமராமத்து என்ற பெயரில் கிராமத்தார் தலையில் தங்கியது. அவர்களிடம் அதற்கான வருவாய் இல்லை. உழைப்பைக் கட்டாயமாக்க 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கெனச் சட்டம் இயற்ற வேண்டி வந்ததே, பழைய பிணைப்பு எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதற்குச் சான்றாகும்.

கோயில் நிர்வாகத்தின் மீதான அதிகாரமும் இதே காலத்தில் மேலும் கீழும் அலைக்கழிக்கப்பட்டது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறை அறக்கட்டளைகளின் பொது மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. கிறித்தவ அரசு இந்துக் கோயில்களை நிர்வகிப்பது தகாது என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பு வலுத்து, சென்னைப் படைத் தலைவர் பெரிகிரின் மெய்ட்லண்டு அப்பொருட்டு 1838ஆம் ஆண்டில் பதவி விலகும் அளவுக்குச் சென்றபின், 1840களில் கம்பெனி தன் மேற்பார்வையைக் கைவிட்டது. 1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் கோயில்களை உள்ளூர்க் குழுக்களிடமும் அறங்காவலரிடமும் விட்டது. கடல் கடந்த நாட்டின் சமய விவாதம் மலையடிவாரத்துக் கோயிலின் கணக்குப் பேரேட்டை மாற்றியமைத்தது. அரசு விலகியபோது நிலவருவாயைத் திருப்பித் தரவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுக்குகளுக்கு இடையிலான முரண் உயிர்களைப் பலிகொண்ட நேர்வு 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம். சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அரசுப் பணத்தில் தானியம் வாங்கி இருப்புவைக்க முனைந்தார். சந்தையில் அரசு தலையிடலாகாது என்று கல்கத்தாவில் இருந்த லிட்டன் பிரபுவின் அரசு அதைக் கண்டித்து, 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பியது. நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாகக் கொண்ட கூலி என்ற அவரது அளவுகோல் டெம்பிள் கூலி எனப் பெயர் பெற்றது. துன்பத்தை அருகிலிருந்து கண்ட அடுக்கிடம் பணத்தின் மீது அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்த அடுக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. இதனை ஆட்சிமுறைப் பிழை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுதல் இறந்தவர்க்குச் செய்யும் அநீதி.

பரவலாக்கம் என்ற கொள்கையும் அதே தலைமுறையில்தான் பேசப்பட்டது. 1870ஆம் ஆண்டில் மேயோ பிரபு காவல், கல்வி, சாலை முதலிய துறைகளை நிலையான மானியத்தோடு மாகாணங்களுக்கு மாற்றினார். 1882ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக் கொள்கையை அறிவித்தார். 1884ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து 1886ஆம் ஆண்டில் திருவண்ணாமலை நகராட்சியாயிற்று. 1911ஆம் ஆண்டில் அதன் தாலுகா தென்னார்க்காட்டிலிருந்து வடஆர்க்காட்டுக்கு மாற்றப்பட்டது. கோயிலின் பெருந்திருப்பணிகளுக்கு இக்காலத்தில் முன்வந்தவர்கள் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்; பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழிலில் ஈட்டிய பொருள், உள்ளூர் நிலம் தரமுடியாததை ஈடுசெய்தது. 1920ஆம் ஆண்டில் மெஸ்டன் குழு மாகாணங்கள் இந்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய பங்கை வகுத்தபோது, மொத்தம் 983 லட்சம் ரூபாயில் சென்னை மாகாணத்தின் பங்கு மட்டும் 348 லட்சம்; தொழில்வளம் மிக்க பம்பாயின் பங்கு 56 லட்சம். வருமான வரியை இந்திய அரசும் நிலவரியை மாகாணமும் பெறுவதென்ற பங்கீட்டில், நிலவரியை நம்பிய சென்னைக்குக் கணக்கில் மிகுவருவாய் தோன்றியதே இதற்குக் காரணம். உழவரின் வரியால் நிரம்பிய மாகாணக் கருவூலம் மையத்தைத் தாங்கிய அந்நிலை 1920களின் இறுதிவரை நீடித்தது.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் உருவாக்கிய இரட்டையாட்சியில் சமய அறக்கட்டளைகள் மாகாண அமைச்சரின் பொறுப்பில் வந்தன. நீதிக்கட்சியின் பனகல் அரசர் அமைச்சரவை 1925ஆம் ஆண்டில் இந்து சமய அறநிலையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1951ஆம் ஆண்டின் சட்டம் மாநில அரசுக்கு நேரடி அதிகாரம் அளித்தபோது, அதன் கீழ்க் கோயில்களிடம் பெறப்பட்ட ஆண்டுப் பங்களிப்பு சிரூர் மட வழக்கில் கேள்விக்குள்ளானது. 1954ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அப்பங்களிப்பு குறிப்பிட்ட சேவைக்கு ஈடான கட்டணமாக இல்லாமல் மாநிலத்தின் பொதுக் கருவூலத்தில் கலப்பதால் அது வரியே என்றும், அத்தகைய வரியை விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் கூறியது. தனி நிதியில் சேரும் கட்டணம் என்ற வடிவில் அதே தொகையைப் பெறுவதற்கு வழிசெய்யச் சட்டம் திருத்தி எழுதப்பட்டு, 1959ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் சட்டம் இன்றுவரை நடைமுறையில் உள்ளது. சமயச் சுதந்திரம் பற்றிய தீர்ப்பாகவே பெரும்பாலும் படிக்கப்படும் இவ்வழக்கு, கூட்டாட்சி நிதியியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாகவும் படிக்கப்பட வேண்டியது.

அரசமைப்பின் ஏழாம் அட்டவணை இந்நகரை மூன்றாகப் பகுத்து வைத்திருக்கிறது. உள்நாட்டு யாத்திரைகள் மாநிலப் பட்டியலிலும், சமய அறக்கட்டளைகள் பொதுப் பட்டியலிலும், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த தொன்மைச் சின்னங்கள் ஒன்றியப் பட்டியலிலும் உள்ளன. 2002ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க முற்பட்டபோது இம்மூன்றும் மோதின. வழிபாட்டு நடைமுறைகளுக்கும் கோயிலை ஒட்டி வாழும் வணிகர்க்கும் ஊறு நேரும் என்று நகர மக்கள் திரண்டு எதிர்த்தனர்; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற பின் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. தொல்லியல் துறையின் அக்கறை பொய்யானதன்று, கட்டடங்களுக்கு வல்லுநர் பாதுகாப்பு தேவை. எனினும் அங்கு வாழ்வோரைக் கலக்காமல் மேலடுக்கு எடுக்கும் முடிவு நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டாலும் நிலைக்காது.

1989 செப்டம்பர் 30 அன்று தனி மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை, அண்மையில் மாநகராட்சியாக உயர்ந்துள்ளது. அதன் பொருளாதாரம் இன்று பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையை வலம்வரும் மக்களையும் கார்த்திகைத் தீபத்தையும் பெரிதும் சார்ந்துள்ளது. அவர்களுக்குக் குடிநீரும் கழிப்பிடமும் துப்புரவும் அளிக்கும் கடமை நகர உள்ளாட்சியையும் மலைசுற்றும் பாதையோரத்து ஊராட்சிகளையும் சேர்ந்தது. ஆனால் இரயிலில் வருவோர் மீது முனைய வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றியத்துக்கு உரியது. ஊருக்குள் நுழையும் பண்டங்கள் மீதான வரிக்கு இடமளித்த மாநிலப் பட்டியலின் 52ஆம் பதிவு 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. விடுதி அறைகளின் மீதான ஆடம்பர வரி 2017ஆம் ஆண்டில் சரக்கு மற்றும் சேவை வரியில் கலந்தது. குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தபோது ஊர்களின் உள்வரிகளும் கோயில்களின் மேல்வாரமும் அவரவரிடமே இருந்தன. நாடு முழுவதையும் ஒரே சந்தையாக்கிய புதிய வரியின் விகிதத்தையோ பங்கீட்டையோ முடிவுசெய்யும் மன்றத்தில் நகரங்களுக்கு இருக்கை இல்லை.

நகரங்களுக்கு முதன்மையாக எஞ்சியிருப்பவை சொத்துவரி, சில கட்டணங்கள், நிதிக்குழுக்களின் மானியங்கள் ஆகியன. பதினைந்தாம் நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கான தொகையை மாநிலங்களிடையே பகிர்ந்தபோது 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்பளவுக்கு 10 விழுக்காடும் எடை தந்தது. அக்கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரின் மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம், கார்த்திகைத் தீபத்தன்று நகருக்குள் திரளும் மக்களோ அதனினும் பல மடங்கு. அவர்கள் செலவிடும் பணத்தின் மீதான வரி ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் செல்ல, அவர்கள் விட்டுச்செல்லும் குப்பையை அள்ளும் செலவு நகரின் கணக்கில் எழுதப்படுகிறது. வந்துசெல்லும் மக்களின் எண்ணிக்கையையும் மானியக் கணக்கீட்டில் சேர்ப்பதற்கு மாநில நிதிக்குழுவுக்கு அரசமைப்பில் தடை ஏதும் இல்லை; யாத்திரை நகரங்களுக்கென அத்தகைய அளவுகோல் ஒன்றை வகுப்பது உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.